ஒரு சாண் பிலிம்

மந்தைவெளியில் மிருதங்கம் சேஷு ஐயர் என்னைப் பார்த்ததும் குடையை விரித்துக்கொண்டார்.

வெயில் இல்லை. மழையும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மனிதர் குடைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் விறுவிறுவென்று நடையைக் கட்டிவிட்டார். நான் என்ன இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டா? பார்த்த மாத்திரத்தில் வெற்றிலைப் பெட்டியை நீட்டி, ஊர் வம்பு பேசி, நடுத்தெருவில் நிற்க வைக்கிற ஆசாமி அவர். அவரா இப்படி?

காரணம் எனக்குத் தெரியும். என் மேஜையிலிருந்து போன ஒரு படம்தான் காரணம்.

இது நடந்து சில வாரங்கள் ஆகின்றன. விவகாரம் முடிந்துவிட்டதால், சேஷு ஐயரிடமே கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். "எழுதுங்கோ, பேரை மட்டும் மாத்திப்பிடுங்கோ" என்றார். மாற்றியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எடிட்டர். உடனே, "என் சிறுகதையை ஏன் திருப்பி அனுப்பினீர்?" என்று கார்டு போட்டுவிடாதீர்கள்! அந்த எடிட்டர் வேறு. நான் டாக்கி எடிட்டர். அடையாற்றுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், ஜன்னல் இல்லாத அறையில், கத்தரியும் பசையும் வைத்துக்கொண்டு பிலிமை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவன்.

தியாகராயநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார் சங்கரலிங்கம். திருநெல்வேலிக்காரர். யுத்தம் முடிந்து, பிலிம் தட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு முழுக் கச்சேரியைப் படமாக எடுத்துவிட்டால் என்ன?

"கொழும்புலயும் பினாங்குலயும் நம்ம ஜனங்க நல்ல பாட்டுக்கு ஏங்கிக் கெடக்காவ. அவுகள எல்லாம் இங்க கூட்டியார முடியுமா? கச்சேரியத்தான் அங்க அனுப்பணும்" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "கதை இல்ல, டான்ஸ் இல்ல, கதாநாயகி இல்ல... தகராறே இல்ல பாத்துக்கிடுங்க" என்றார்.

தகராறே இல்லையா! கேளுங்கள்.

பாட ஒப்புக்கொண்டவர் ஆழ்வார்பேட்டையில் இருக்கும் ஒரு பெரிய வித்வான். அவர் பெயரை மாற்றி எழுதக்கூட எனக்குத் தைரியம் போதாது. பாகவதர் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோவிலேயே மேடை போட்டு, ஜமக்காளம் விரித்து, மயிலாப்பூரிலிருந்து ரசிகர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். படம் எடுக்க இரண்டு காமிரா. ஒன்று பாகவதரின் முகத்துக்கு நேரே. இன்னொன்று வயலின்காரருக்குப் பின்னாலிருந்து மிருதங்கத்தைப் பார்த்தபடி. அந்த இரண்டாவது காமிராவில் பாகவதரின் முகம் விழாது. தொடை, தொடைமேல் தாளம் போடும் கை, அதற்கப்பால் மிருதங்கத்தோடு சேஷு ஐயர் — இவ்வளவுதான் விழும்.

சத்தம் இந்தக் காமிரா இரண்டிலும் பதிவாவதில்லை. அது தனியாக வேறொரு பிலிமில் பதிவாகும். ஆகவே ஒரு பாட்டுக்கு மூன்று சுருள்: படம் இரண்டு, சத்தம் ஒன்று. காமிராவில் ஒரு தடவை போடுகிற பிலிம் பத்து நிமிஷம் தாங்கும். ஒரு பாட்டு ஒரு சுருளுக்குள் முடிய வேண்டும் என்று பாகவதரிடம் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று சுருளும் கை கோத்துக்கொண்டு கிளம்பி, கை விடாமல் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒன்று சற்றே பின்தங்கினாலும் போச்சு. வாய் மூடியிருக்கும், பாட்டு வரும்!

இதற்குத்தான் கிளாப் பலகை. நீங்கள் ஸ்டூடியோ போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். நம்பர் எழுதிய கறுப்புப் பலகையைக் காமிராவுக்கு முன்னால் நீட்டி, மேல் கட்டையை 'டப்'பென்று தட்டுவார்கள். படத்தில் கட்டை சேருகிற இடத்தையும், சத்தத்தில் 'டப்' கேட்கிற இடத்தையும் ஒன்றாக வைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் பாட்டு முடிகிறவரை ஒன்றும் பிசகாது.

முதல் பாட்டுக்குப் பலகையை நீட்டியதுமே பாகவதர் கையை உதறினார்.

"என்ன ஓய் இது! மங்களகரமா கச்சேரி ஆரம்பிக்கற நேரத்துல மூஞ்சிக்கு நேரே கட்டையைத் தட்டறேள்! அதுவும் எட்டாம் நம்பர் எழுதி!"

ரசிகர்கள் வந்து உட்காருவதையெல்லாம் முன்னாலேயே எடுத்திருந்ததால் நம்பர் எட்டாகியிருந்தது. எட்டை அழித்து ஒன்பது போடுவதாகச் சொன்னோம். கேட்கவில்லை. கட்டையே கூடாது. சங்கரலிங்கம் பதறிப்போய் ஓடி வந்தார்.

"வேண்டாம்னா விட்டுருங்க. சனங்க கை தட்டும்லா? அத வச்சுக்கிட வேண்டியதுதான?"

முந்நூறு பேர் கை தட்டுகிறார்கள். அதில் எந்தக் கையை எடுத்து எங்கே வைப்பது? ஆனால் முதலாளி சொன்னால் சொன்னதுதான். பலகை மூலைக்குப் போய்விட்டது.

சுருள்களைச் சேர்த்து வைக்கிற வேலை அந்தோணியுடையது. என்னோடு அதே எடிட்டிங் அறையில் வேலை செய்கிறவர். சாந்தோம்காரர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், வீட்டில் எல்லோரும் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர்கள். அந்தோணி ஆர்மோனியமும் வாசிப்பார். அவர் சேர்த்துக் கொடுப்பார், நான் வெட்டுவேன். பல வருஷப் பழக்கம். சுருள்கள் சேரும் இடத்துக்கு அவர் போட்ட அடையாளத்தில் நான் குறை கண்டதே கிடையாது.

பலகை இல்லாமல் அந்தோணி என்ன செய்தார்? முதல் காமிராவில் கவலையே இல்லை. முகம் தெரிகிறது. 'ப', 'ம' என்று வரும் இடங்களில் உதடு ஒட்டியே ஆக வேண்டும். அதைப் பிடித்துச் சேர்த்துவிட்டார். இரண்டாவது காமிராவில் உதடு இல்லை. சேஷு ஐயரின் விரல்களோ பறக்கின்றன. எந்த விரலுக்கு எந்தச் சத்தம் என்று யார் கண்டது? பார்த்தார் அந்தோணி. பாகவதரின் கை தொடையில் விழுகிறது. பாட்டு ஆரம்பிக்கிறது. அந்தக் கையை எடுத்துப் பாட்டின் முதல் எழுத்தோடு சேர்த்தார். அழகாகப் பொருந்தியது. அடுத்த பாட்டு... பொருந்தியது. அதற்கடுத்ததும் அப்படியே.

பிரிவியூ அன்று சங்கரலிங்கம் வந்திருந்தார். பாகவதர் தம் பரிவாரத்தோடு வந்திருந்தார். பரிவாரத்தில் ஆழ்வார்பேட்டை வக்கீல் ஒருவர் முக்கியம். சங்கீதத்தில் அவர் சொன்னால் மேல்கோர்ட்டு கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். சேஷு ஐயர் சலவை வேஷ்டியும் பளிச்சென்று விபூதியுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தன்னைத் தானே திரையில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

முதல் சில பாட்டுக்கள் ஜோராகப் போயின. சங்கரலிங்கம் தொடையைத் தட்டிக்கொண்டு ரசித்தார். பிறகு கச்சேரியின் பிரதான உருப்படி. கல்யாணி. பாட்டு நெடுக பாகவதரின் முகம்தான். அது முடிந்து தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற இடம்; இரண்டாவது காமிரா.

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

சத்தம் வந்து, அதற்கப்புறம் கை விழுந்தது. மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் 'தொம்' என்று கேட்டுவிட்டது. திரையில் சேஷு ஐயரின் கை இன்னும் மேலே இருக்கிறது. கை கீழே வரும்போது அடுத்த சொல் கிளம்பிவிட்டது. முழுத் தனியும் இப்படியே. பாவம், ஓடுகிற பஸ்ஸைத் துரத்துகிறவர் மாதிரி மனிதர் தம்முடைய மிருதங்கத்தையே துரத்திக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது, கை ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்லா போவுது?" என்றார் சங்கரலிங்கம்.

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்னிக்குக் கச்சேரியிலேயே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. சொல்ல வேண்டாமேன்னு விட்டேன்."

அன்றைக்கு இதே தனிக்கு இவர் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டி, "பேஷ்! பேஷ்!" என்றார். அந்த ஷாட் என்னிடம் இருக்கிறது.

நான் எழுந்து, "சுருள் பிசகியிருக்கலாம்" என்று ஆரம்பித்தேன். "மற்ற பாட்டெல்லாம் சரியா இருக்கே ஓய்?" என்றார் பாகவதர். நான் உட்கார்ந்துவிட்டேன். சேஷு ஐயர் எண் சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போய் எழுந்தார். காப்பி வந்துகொண்டிருந்தது. அதைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பேச்சு சுலபமாகிவிட்டது. "வயசு ஆறது. பாவம், நல்ல மனுஷன்" என்றார் பாகவதர். "கொழும்புக்கு வேற யாரையாவது அழைச்சுண்டு போக வேண்டியதுதான்." படம் கொழும்பில் காட்டப்படும்போது பாகவதரும் நேரில் போய்ப் பாடுவதாக ஏற்பாடு. சேஷு ஐயர் அதற்காகப் புது மிருதங்கம்கூடச் செய்யக் கொடுத்திருந்தார்.

சங்கரலிங்கம் என் பக்கம் திரும்பினார். "ஐயரு வர்ற எடத்த எல்லாம் எடுத்துருங்க. தனி ஆவர்த்தனமே வேண்டாம். வெள்ளிக்கிழம படம் லேபுக்குப் போயிரணும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அறைக்குப் போய் ஒவ்வொரு ஒட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டெல்லாம் சரி. பல் சக்கரத்தில் ஏற்றிச் சுற்றினேன். ஒரு பல்கூட வழுக்கவில்லை. அந்தோணியின் அடையாளங்கள் வழக்கம்போல் பளிச்சென்று, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மெஷின், பிலிம், ஒட்டு எல்லாமாகச் சேர்ந்து சேஷு ஐயர்தான் குற்றவாளி என்று சாட்சி சொல்லின.

இந்த நிலையில்தான் மந்தைவெளியில் அந்தக் குடை விரிந்தது. விடுவேனா? பின்னாலேயே ஓடி, வழி மறித்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் குடையைத் தாழ்த்தினார். முகம் வாடிக் கிடந்தது.

"ஆத்துல வாசிச்சுப் பாத்தேன் ஓய்" என்றார். "இத்தனை வருஷமா கையைப் பாத்துண்டு வாசிச்சதே இல்லை. இப்போ பாத்துண்டே வாசிக்கறேன். பாக்கப் பாக்க இன்னும் தப்பறது. ஒரு கல்யாணக் கச்சேரிக்கு ஆள் வந்தது. உடம்பு சரியில்லேன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

"படத்துல ஏதோ தப்பு இருக்கும். பொறுங்க" என்றேன்.

"படம் எங்கேயாவது பொய் சொல்லுமோ?"

இதை யாரிடம் கேட்கிறார்? டாக்கி எடிட்டரிடம் கேட்கிற கேள்வியா இது! படம் பொய் சொல்வதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அந்தோணியை உட்கார வைத்துக் கேட்டேன்.

"கல்யாணிக்கு இந்த அடையாளத்தை எப்படிப் போட்டீங்க?"

"இன்னா சார் புதுசா கேக்கறீங்க? எல்லாத்துக்கும் போட்ட மாதிரிதான். கை விழுந்துச்சு, பாட்டு ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டையும் சேத்து வச்சேன்."

"கை விழற அதே நேரத்துல பாட்டு ஆரம்பிச்சதுன்னு யார் சொன்னா?"

"அத்த ஒருத்தர் சொல்லணுமா? எங்க கோயில்ல பாட்டு மாஸ்டர் கை கீழ வந்தா பாட்டு வந்தாகணும். லேட்டா வந்தா அவ்ளோதான், பூசை முடிஞ்சதும் வச்சு வாங்கிடுவாரு."

எனக்கு மண்டையில் சுரீரென்றது. அந்தோணியை மேஜையில் ஆதி தாளம் தட்டச் சொன்னேன். எனக்குக் குரல் கிடையாது. அது பற்றி என் மனைவி இந்தப் பத்திரிகைக்கே எழுதத் தயாராக இருக்கிறாள். இருந்தாலும் அந்தக் கல்யாணியின் பல்லவியை எடுத்தேன்.

"சார், லேட்டு" என்றார் அந்தோணி.

"இன்னொரு தடவை தட்டுங்க."

"மறுபடியும் லேட்டு சார். கை விழுந்து எவ்ளோ நேரம் ஆச்சு, இப்பதான் வாயத் தொறக்கறீங்க!"

"லேட்டு இல்லை அந்தோணி... அதுதான் எடுப்பு!"

எடுப்பு என்றால் பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் கிளம்புகிறது என்பது. சில பாட்டுக்கள் கை விழும்போதே கிளம்பும். சில பாட்டுக்கள் கை விழுந்து, அரை இடம், அதாவது அரைத் தட்டு விட்டு, அப்புறம் கிளம்பும். முன்னால் வந்த பாட்டுக்கள் எல்லாம் முதல் ரகம்; அதனால் பொருந்தின. இந்தக் கல்யாணி இரண்டாவது ரகம். பாகவதர் கையைப் போட்டுவிட்டு, அரை இடம் காத்திருந்துதான் வாயைத் திறந்தார். அந்தக் கையைத்தான் அந்தோணி இழுத்துக்கொண்டு வந்து முதல் எழுத்தின் தலையில் வைத்துவிட்டார். இரண்டாவது காமிராவின் படம் முழுக்க அரைத் தட்டு பின்னுக்குப் போய்விட்டது.

கையை விரித்துப் பிலிமில் அளந்து பார்த்தேன். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. ஒரு சாண்.

அந்தோணிக்கு முகம் செத்துவிட்டது. "மாதாவே... ஐயர் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனே சார். இப்பவே மந்தவெளிக்குப் போய் சொல்லிட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இருங்க" என்றேன். சரிசெய்வது பெரிய காரியமில்லை. இரண்டாவது காமிராச் சுருளின் ஆரம்பத்தில் ஒரு சாணை வெட்டி எறிந்தால் முடிந்தது. ஆனால் அப்படிச் செய்துவிட்டு மறுபடி காட்டினால் என்ன சொல்வார்கள்? "எடிட்டர் கத்தரியைப் போட்டு ஐயரைக் காப்பாற்றிவிட்டான்" என்பார்கள். வக்கீல் வேறு இருக்கிறார். படம் நேராகிவிடும், ஐயரின் பெயர் நேராகாது.

யோசித்துக்கொண்டே சுருளை மெஷினில் ஓட்டினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தோணி சட்டென்று மெஷினின் கண்ணாடியில் விரலை வைத்தார்.

"சார், அப்டின்னா பாகவதர் கையும் ஒரு சாண் லேட்டாத்தானே கீது?"

ஆமாம்! ஒரே படம், முன்னால் பாகவதரின் கை, பின்னால் ஐயரின் கை. ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தித்தானே ஆக வேண்டும்? தனி நெடுக அந்தக் கை தொடைமேல் தப்புத் தப்பாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பிரிவியூவில் இருந்த அத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான் படவில்லை. பாகவதரின் தாளம் தப்பும் என்று யாருக்குத் தோன்றும்?

வியாழக்கிழமை மறுபடி எல்லோரையும் கூப்பிட்டேன். சேஷு ஐயர் வரமாட்டேன் என்றார். அந்தோணியே போய், கிட்டத்தட்டக் கையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றி அழைத்து வந்தார். பழைய சுருளையே, ஒரு கட்டம்கூட மாற்றாமல், போடச் சொன்னேன்.

"அண்ணா, ஒரு சின்ன உதவி" என்றேன் பாகவதரிடம். "இந்தத் தடவை ஐயரைப் பார்க்க வேண்டாம். உங்க கையை மட்டும் பாருங்க."

விளக்கு அணைந்தது. தனி ஆரம்பித்தது. பாகவதர் தம் கையைத் தாமே பார்த்தார். சத்தம் தாளத்தைத் தாண்டிப் போயிற்று. திரையில் அவர் கை சாவகாசமாக வந்து தொடையில் விழுந்தது. தாளம் இன்னொரு சுற்று வந்தது. மறுபடியும் அதே சாவகாசம்.

"நிறுத்துங்கோ!" என்றார் பாகவதர். "மெஷின்ல ஏதோ கோளாறு ஓய்! நான் தாளம் தப்பறதாவது!"

சிரிப்பை அடக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இத்தனை நாளாக ஐயரின் கோளாறாக இருந்தது, ஒரே நிமிஷத்தில் மெஷின் கோளாறாகிவிட்டது, பார்த்தீர்களா?

"கோளாறுதான் அண்ணா" என்றேன். "அடையாளம் ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கு. உங்க கைக்கு எவ்வளவோ, ஐயர் கைக்கும் அவ்வளவுதான்." எடுப்பு விஷயத்தையும் சொன்னேன். பாகவதர் இருட்டில் தம் தொடையில் ஒரு தரம் தட்டிப் பல்லவியை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

சரி செய்த சுருள் ஓடியது. 'தொம்' கேட்கும்போது கை தொப்பியில் இருந்தது. கடைசியில் தனியை முடித்து வைக்கும் மோராவும் கோர்வையும் வந்து விழுந்தபோது ஐயரின் கை, பாகவதரின் கை, சத்தம் மூன்றும் ஒரே இடத்தில் இறங்கின. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார்.

விளக்கு வந்ததும் சங்கரலிங்கம், "எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுது, ஐயரு தப்பு பண்ண மாட்டாருன்னு. தனிய அப்படியே வச்சிருங்க" என்றார். வக்கீல், "இந்த மெஷினை எல்லாம் நம்பப்படாது" என்று தீர்ப்பு வழங்கினார். பாகவதர் சேஷு ஐயரின் தோளில் கையைப் போட்டு, "கொழும்புக்குக் கம்பளி எடுத்துண்டு வா சேஷு, கப்பல்ல குளிரும்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் உபயோகிக்கவில்லை. பெரிய மனிதர்கள் அதைக் கம்பளி என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது.

எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. சத்தச் சுருளை நாங்கள் தொடவே இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்தான் இன்றைக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் அன்றைக்கே யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இத்தனை பேரும் சங்கீதம் கேட்டே வளர்ந்தவர்கள். தாளம் தப்பவில்லை என்று காது சொல்கிறது. ஆனால் கண் ஒன்றைச் சொல்லிவிட்டால் காதின் பேச்சு எடுபடுகிறதா? யாரோ ஒரு பெரிய மனிதர் தலையை ஆட்டி வைத்தால் கண்ணின் பேச்சும் எடுபடாது என்பது வேறு விஷயம்.

திரும்பும்போது நானும் சேஷு ஐயரும் சேர்ந்து நடந்தோம். புது மிருதங்கம் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டதாம். கல்யாணக் கச்சேரிக்கும் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம். வெற்றிலைப் பெட்டியை நீட்டினார். நல்லபடியாக முடிந்தது என்று நானும் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன்.

அவர் நின்றுவிட்டார்.

"அவாள்ளாம் தப்புன்னு சொன்னா, சரி. படத்தைப் பாத்தா, சொன்னா" என்றார். "வாசிச்சவன் நான். என் கை எங்கே விழுந்ததுன்னு எனக்குத் தெரியாதா? நானும்னா ஒத்துண்டுட்டேன் ஓய்!"

இது பிலிம் சமாசாரமாக இருந்தால் வெட்டி ஒட்டிக் கொடுத்திருப்பேன்.